போன் காட் வாங்கமுன்: கனடாவுக்குப் புதிதாக வந்து ஊருக்குக் கதைக்க நினைப்பவர்களுக்கு

வட்ஸ்அப் இருக்கும்போது, முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கி ஊருக்குக் கோல் எடுக்கும் போன் காட் ஏன் என்ற கேள்வி நியாயமானதுதான். இரண்டு பக்கமும் ஸ்மார்ட் போனும் இன்ரநெற்றும் இருந்தால் காட் தேவையில்லை. ஆனால் அம்மம்மாவின் கையில் இருப்பது பட்டன் போன், வீட்டில் இருப்பது 021-இல் தொடங்கும் பழைய லைன், கதைக்கவேண்டியது கச்சேரியோடு (மாவட்டச் செயலகத்தோடு), வங்கியோடு, ஆஸ்பத்திரி வார்ட்டோடு என்றால் சாதாரண தொலைபேசி இலக்கத்துக்குத்தான் அடித்தாகவேண்டும். ஸ்கைப்பில் காசு போட்டு இப்படி அடித்து வந்தவர்கள் பலர். அந்தக் கதவு 2025 மே 5-ஆம் திகதியோடு மூடிவிட்டது.

அதற்காகப் புதுச் சிம்மைப் போட்ட கையோடு நேரே 011 94 என்று அடித்துவிடவேண்டாம். வெளிநாட்டு நிமிடங்கள் சேராத பிளானில் அந்தக் கோல் சதக் கணக்கில் அல்ல, டொலர் கணக்கில் ஏறும். மாத முடிவில் பில் வரும்போதுதான் தெரியும். சிம் வாங்கும்போது "வெளிநாட்டு அழைப்பு உண்டு" என்று சொன்னால், எந்தெந்த நாடுகள் என்ற பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். இந்தியா இருக்கிறது என்பதற்காக இலங்கையும் இருக்கும் என்று எண்ணவேண்டாம்.

காட் எப்படி வேலை செய்கிறது

காட்டில் இரண்டு இலக்கங்கள் உண்டு. ஒன்று, நீங்கள் முதலில் அடிக்கும் அணுகல் இலக்கம். ரொறன்ரோவில் அது 416, 647, 437 போன்ற உள்ளூர்க் குறியீட்டில் இருக்கும், அல்லது 1-800 வகை இலவச இலக்கமாக இருக்கும். மற்றது, சுரண்டினால் தெரியும் பின் (PIN) என்ற இரகசிய இலக்கம். பெரும்பாலும் 10 முதல் 12 இலக்கம் நீளம். நீங்கள் உள்ளூர்க் கோல் ஒன்றுதான் எடுக்கிறீர்கள். அங்கிருந்து உங்கள் குரலை இன்ரநெற் வழியாக ஊருக்குக் கொண்டுபோய், அங்குள்ள தொலைபேசிக் கம்பனியிடம் ஒப்படைப்பது காட் கம்பனியின் வேலை. அந்த ஒப்படைப்புக்கு ஊர்க் கம்பனி வாங்கும் கூலிதான் காட்டின் விலையைத் தீர்மானிக்கிறது.

இதனால்தான் ஒரே காட் இந்தியாவுக்கு நாலைந்து மணித்தியாலமும் இலங்கைக்குச் சொற்ப நேரமும் தருகிறது. இந்தியாவில் அந்தக் கூலியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கட்டுப்படுத்துகிறது. 2018 பெப்ரவரியில் நிமிடத்துக்கு 30 பைசாவாகக் குறைத்தார்கள். 2020 மே முதல் 35 பைசாவுக்கும் 65 பைசாவுக்கும் இடையில் கம்பனிகள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். உச்சத்தில்கூடக் கனடியச் சதக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான். இலங்கையிலோ உள்ளே வரும் வெளிநாட்டு நிமிடங்கள் மீது அரசாங்கத்துக்கே ஒரு தீர்வை போகிறது. எந்தக் காட் கம்பனியாலும் அதைத் தள்ளுபடி செய்யமுடியாது. ஆகவே இலங்கைக்கு இந்திய விலையில் ஒரு காட் கண்ணில் பட்டால் இரண்டில் ஒன்று: நிமிடக் கணக்கில் எங்கோ பொய் இருக்கிறது, அல்லது கோல் குறுக்குவழியில் போகிறது.

குறுக்குவழி என்பது சிம் பெட்டி. ஊரில் யாரோ ஒருவர் உள்ளூர்ச் சிம்களைப் பெட்டியில் அடுக்கி, வெளிநாட்டுக் கோலை உள்ளூர்க் கோலாக மாற்றி விடுகிறார். அடையாளம் எளிது: நீங்கள் ஸ்காபரோவிலிருந்து அடிக்க, அம்மாவின் போனில் முன்பின் தெரியாத 07 இலக்கம் ஒன்று விழும். அவர் திரும்ப அடித்தால் உங்களுக்கு வராது. குரலும் கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோல இருக்கும். அந்தச் சிம்மைக் கம்பனி கண்டுபிடித்து வெட்டினால் கோலும் நடுவில் அறுந்துவிடும்.

போஸ்டரும் பின்பக்கமும்

கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் போஸ்டரில் பெரிய எழுத்தில் இருப்பது நிமிடம். காட்டின் பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருப்பதுதான் விலை. அங்கே ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: ஒவ்வொரு கோலுக்கும் இணைப்புக் கட்டணம் உண்டா, நிமிடத்தை எத்தனை எத்தனையாகக் கணக்கிடுகிறார்கள், முதல் பாவனைக்குப் பிறகு வாராந்தப் பராமரிப்புக் கட்டணம் உண்டா, 1-800 இலக்கம் வழியாக அடித்தால் கூடுதல் பணமா, எத்தனை நாளில் காலாவதி. காலாவதி பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்து அல்ல, முதல் கோலிலிருந்து எண்ணப்படும்.

இந்தக் கட்டணங்கள் எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு காட்டும் 5 டொலர், இரண்டும் இந்தியாவுக்கு. முதல் காட் போஸ்டரில் 250 நிமிடம், அதாவது நிமிடத்துக்கு 2 சதம். பின்பக்கத்தில்: இணைப்புக்கு 50 சதம், மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கு, வாரம் 1 டொலர். இரண்டாவது காட் நிமிடத்துக்கு மூன்றரைச் சதம், போஸ்டரில் 142 நிமிடம்தான், வேறு கட்டணம் எதுவும் இல்லை. நீங்கள் வாரத்தில் நாலு தரம், தரத்துக்குப் பத்து நிமிடம் கதைப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காட்டில் ஒவ்வொரு கோலுக்கும் 50 சதம் இணைப்பு. பத்து நிமிடம் பன்னிரண்டாகக் கணக்கிடப்பட்டு 24 சதம். மொத்தம் 74. நாலு கோல் முடிய மிச்சம் 2 டொலர் 4 சதம். வாரம் திரும்பியதும் 1 டொலர் வெட்டு. ஐந்தாவது கோலோடு மிச்சம் 30 சதம். ஆறாவது கோலுக்கு இணைப்புக் காசுகூட இல்லை. கதைத்தது 50 நிமிடம். இரண்டாவது காட்டில் ஒரு கோல் 35 சதம். 14 கோல் போகும், 140 நிமிடம்.

அதற்காக முதல் காட் குப்பை என்று அர்த்தமில்லை. ஒரே இருப்பில் மணிக்கணக்காகக் கதைப்பவருக்கு அதில் 225 நிமிடம் கிடைக்கும். கலியாணம் பேசுகிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு நீண்ட கோல் என்றால் அதுதான் மலிவு. "நல்ல காட் எது?" என்று கடையில் கேட்பதில் பயனில்லை. எத்தனை தரம், எவ்வளவு நேரம், எந்த இலக்கத்துக்கு என்பதை நீங்கள் சொல்லவேண்டும். இலங்கைக்கு என்றால் இன்னொன்றும் உண்டு. போஸ்டரில் இலங்கை என்று ஒரு விலை, கொழும்பு என்று ஒரு விலை, கைத்தொலைபேசி என்று வேறொரு விலை இருக்கும். 077, 071 போன்ற 07 இலக்கங்களுக்கு எது என்று பார்த்து வாங்குங்கள்.

கோலுக்கு முன்னால் ஒரு குரல் "உங்களிடம் இத்தனை நிமிடம் இருக்கிறது" என்று சொல்லும். பல காட்டுகளில் அந்தக் குரல் மேலே சொன்ன வெட்டுகளைக் கழித்துச் சொல்வதில்லை. இது வெறும் சந்தேகம் இல்லை. 2008-இல் அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் காட் விற்பவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. ஒரு வழக்கில் சோதித்துப் பார்த்த காட்டுகள் விளம்பரம் செய்த நிமிடங்களில் ஏறத்தாழப் பாதியைத்தான் கொடுத்திருந்தன.

கடையில்

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன், மிசிசாகா பக்கம் நம் பலசரக்குக் கடைகளில் காசு மேசைக்குப் பின்னால் காட்டுகள் தொங்கும். சில கடைகளில் அட்டையே இல்லை, மெஷினில் பின் இலக்கம் அச்சடித்த பற்றுச்சீட்டாகத் தருவார்கள். அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். வாங்கியவுடன் படம் எடுத்து வையுங்கள். அட்டை என்றால் சுரண்டும் பூச்சு முழுதாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் கீறல் இருந்தால் வேறொன்று கேளுங்கள். சுரண்டிய காட்டை எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுப்பது அபூர்வம், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

முதல் தரம் 5 டொலருக்கு மேல் வாங்காதீர்கள். 20 டொலருக்கு ஒன்று இலவசம் என்றாலும் வேண்டாம்.

சுரண்டும்போது லொத்தர் சீட்டுச் சுரண்டுவதுபோல அழுத்தினால் பூச்சோடு இலக்கமும் போய்விடும். நாணயத்தின் ஓரத்தால் ஒரே பக்கமாக மெல்லச் சுரண்டுங்கள். 3-உம் 8-உம், 1-உம் 7-உம் குழம்பினால் இரண்டையும் மாற்றி ஒருதரம் முயலலாம். திரும்பத் திரும்பப் பிழையாக அடிக்காமல் வாடிக்கையாளர் சேவைக்கு அடித்து, காட்டின் தொடர் இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அடிக்கும் முறை

1. நீங்கள் நிற்கும் ஊரின் அணுகல் இலக்கத்தைப் பத்து இலக்கமாக அடியுங்கள். ரொறன்ரோவில் உள்ளூருக்கும் 416 அல்லது 647 சேர்த்தே அடிக்கவேண்டும். மொன்றியலுக்குப் போனால் 514 இலக்கத்துக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் வீட்டு லைனில் ரொறன்ரோவுக்கு அடித்ததற்குத் தனியாகத் தூரக் கட்டணம் விழும்.

2. மொழியைத் தெரிவு செய்யுங்கள். ஆங்கிலக் குரல் "பவுண்ட்" என்று சொன்னால் அது # பட்டன். பவுண்ட் என்றால் காசு என்று பழகியவர்கள் இந்த இடத்தில் முழிப்பது வழக்கம். "ஸ்டார்" என்றால் *.

3. பின் இலக்கத்தை அடித்து, கேட்டால் # அழுத்துங்கள். குரல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்றாலும், முதல் தடவை காத்திருந்து மிச்சத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. இப்போது ஊர் இலக்கம். முதலில் 011, பிறகு நாட்டுக் குறியீடு (இலங்கை 94, இந்தியா 91), பிறகு முன்னால் உள்ள 0-வை விட்டு மிச்சம். யாழ்ப்பாணத்து 021 வீட்டு லைன் என்றால் 011 94 21, பிறகு ஏழு இலக்கம். 077 என்றால் 011 94 77, பிறகு ஏழு. மட்டக்களப்பு 065, வவுனியா 024, திருகோணமலை 026, கொழும்பு 011, எல்லாவற்றிலும் முன் 0 போகவேண்டும். கொழும்பு 011-ஐயும் கனடாவிலிருந்து வெளியே போகும் 011-ஐயும் குழப்பவேண்டாம். கொழும்புக்கு 011 94 11 என்று வரும். தமிழ்நாட்டுக் கைபேசிக்கு 011 91, பிறகு பத்து இலக்கம். சென்னை வீட்டு லைனுக்கு 91 44, பிறகு எட்டு.

5. சில காட்டுகள் இறுதியில் # கேட்கும். எதுவும் சொல்லாமல் அமைதியாக இருந்தால் # அழுத்திப் பாருங்கள்.

மறுமுனையில் எடுக்காவிட்டாலோ, இன்னொருவருக்கு அடிக்கவேண்டுமானாலோ போனை வைக்கவேண்டாம். பல காட்டுகளில் ** அல்லது ## அழுத்தினால் அடுத்த இலக்கம் கேட்கும். அணுகல் இலக்கத்தையும் பின்னையும் மறுபடி அடிக்கும் வேலை மிச்சம்.

காட் இல்லாமல் நேரே வெளிநாட்டுக்கு அடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேலையிடத்து போனில் வெளி லைனுக்கு 9 அழுத்தி, பிறகு 011 அடிப்பார்கள். அவசரத்தில் அந்த 0 தவறினால் 9, 1, 1 என்று ஆகி நேரே அவசர சேவைக்குப் போய்விடும். போனால் பயந்து வைத்துவிடாதீர்கள். வைத்தால் ஆபத்தில் இருக்கிறீர்களோ என்று அவர்களே திருப்பி அடிப்பார்கள், பொலிஸும் வரலாம். "பிழையாக அடித்துவிட்டேன், ஒன்றும் இல்லை" என்று சொல்லி, அவர்கள் சரி என்றபின் வையுங்கள்.

முதல் காட்டைச் சோதியுங்கள்

முதல் 5 டொலரைச் சோதனைக் காசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கோல் போதும். முதலாவது, நாலு நிமிடம் கதைத்துவிட்டு வைத்து, மறுபடி அணுகல் இலக்கத்துக்கு அடித்து மிச்சத்தைக் கேளுங்கள். குறைந்த காசு நாலு நிமிடத்துக்கு உரியதுதானா? கூடியிருந்தால் இணைப்புக் கட்டணமோ, மூன்று மூன்றாக எண்ணும் கணக்கோ இருக்கிறது. இரண்டாவது, எடுக்கவேண்டாம் என்று ஊரில் சொல்லிவைத்துவிட்டு ரிங் மட்டும் போகவிட்டு வையுங்கள். யாரும் எடுக்காத கோலுக்குக் காசு குறைந்தால் அந்தக் காட்டை இனி வாங்காதீர்கள். மறுமுனை எடுக்காமலே எடுத்ததாகக் காட்டிக் கணக்கை ஓடவிடும் பழைய வித்தை இது. "நீங்கள் அழைத்தவர் தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற பதிவுக் குரலுக்கும் இதேபோலக் காசு வெட்டுவது உண்டு. மூன்றாவது கோல் எடுக்காமல் எடுப்பது: எட்டு நாள் தொடாமல் வைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கேளுங்கள். வாராந்த வெட்டு அதில் அகப்படும்.

மணித்தியால ஊசியை நம்பாமல் போனிலுள்ள ஸ்டொப்வொச்சைப் பாவியுங்கள். கைத்தொலைபேசித் திரை காட்டும் நேரத்தில் பின் அடித்த நேரமும் சேர்ந்திருக்கும்.

பிழைக்கும் இடங்கள்

பின் சரியாக இருந்தும் "பிழை" என்று குரல் சொன்னால் பெரும்பாலும் பட்டன் ஒலியில்தான் கோளாறு. இன்ரநெற் வழி வீட்டு லைனில் ஒலி தேய்ந்துபோகும், அல்லது ஒரு அழுத்து இரண்டாக விழும். ஸ்பீக்கரை நிறுத்தி, ஒவ்வொரு இலக்கத்தையும் சற்று ஆறுதலாக அடியுங்கள். பழைய மேசை போனின் அடியில் டோன், பல்ஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அது டோனில் நிற்கவேண்டும்.

அணுகல் இலக்கமே எப்போதும் பிஸியாக இருந்தால் நேரத்தைப் பாருங்கள். பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளிக் காலையில் எல்லோரும் ஒரே இலக்கத்தில் முட்டுவார்கள். காட்டில் உள்ள இரண்டாவது உள்ளூர் இலக்கத்தை முயலுங்கள். ஊர் நேரம் ரொறன்ரோ நேரத்தைவிடக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் மாரியில் பத்தரையும் முன்னே ஓடும். மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இங்கே கடிகாரம் மாறும்போது ஊரில் யாரையாவது அதிகாலையில் எழுப்பிவிடாதீர்கள்.

தெரியாத வெளிநாட்டு இலக்கத்திலிருந்து ஒரு ரிங் மட்டும் வந்து நின்றால் திரும்ப அடிக்கவேண்டாம். காட்டில் உள்ள பின்னை போனில் யாருக்கும் படித்துக் காட்டவும் வேண்டாம். வரித் திணைக்களம், குடிவரவு என்று சொல்லிக்கொண்டு காட் வாங்கி அதன் இலக்கத்தைச் சொல்லச் சொன்னால் அது மோசடி. இங்கே எந்த அரசாங்க அலுவலகமும் காட்டில் காசு வாங்குவதில்லை.

வயதானவர்கள் தனியே அடிக்க

பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விட, வீட்டில் தனியே இருக்கும் அம்மாவுக்கு முப்பது இலக்கத்துக்கு மேல் அடிப்பது பெரும்பாடு. ஞாபகப் பட்டன் உள்ள மேசை போன் ஒன்று வாங்கி, முதல் பட்டனில் அணுகல் இலக்கம், இரண்டாவதில் பின்னும் # குறியும், மூன்றாவதில் தங்கச்சி வீட்டு இலக்கம் முழுவதும் என்று பதிந்துவிடுங்கள். பட்டனில் சிவப்பு, மஞ்சள், பச்சை ஸ்டிக்கர் ஒட்டுங்கள். சிவப்பை அழுத்தி, குரல் வந்ததும் மஞ்சள், மறுபடி குரல் வந்ததும் பச்சை. அதே வகைக் காட்டை மறுபடி வாங்கினால் மாற்றவேண்டியது மஞ்சளை மட்டும்தான்.

கைத்தொலைபேசி என்றால் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேமிக்கலாம். அணுகல் இலக்கத்துக்குப் பிறகு ஒரு காற்புள்ளி போட்டால் போன் சுமார் இரண்டு விநாடி பொறுத்து அடுத்ததை அடிக்கும். குரல் நீளமாக இருந்தால் இரண்டு மூன்று காற்புள்ளி போடுங்கள். ஐபோனிலும் அண்ட்ரொய்டிலும் இலக்கம் சேமிக்கும் இடத்தில் இடைநிறுத்தம் என்று இதற்கே ஒரு தெரிவு உண்டு.

பின் அடிக்காத கணக்கு

இப்போது பல கம்பனிகள் உங்கள் போன் இலக்கத்தையே பின்னாக எடுத்துக்கொள்ளும் கணக்குத் தருகின்றன. அடிக்கடி கதைப்பவருக்கு வசதி. ஆனால் அந்த வீட்டு லைனிலிருந்து யார் அடித்தாலும் உங்கள் காசுதான் போகும். வாடகை வீட்டில் லைனைப் பகிர்ந்தால் யோசியுங்கள். கைத்தொலைபேசி இலக்கத்தை மாற்றுகிறீர்கள் என்றால் முதலில் கணக்கிலிருந்து பழைய இலக்கத்தை நீக்குங்கள். அந்த இலக்கம் நாளை வேறொருவருக்குப் போகும். கிரெடிட் காட்டில் தானாகவே காசு நிரப்பும் தெரிவையும் நிறுத்திவையுங்கள்.

ஊரில் ஸ்மார்ட் போன் இருந்து டேற்றா மட்டும்தான் இல்லை என்றால், 5 டொலர் காட்டை விட அந்த 5 டொலருக்கு அவர்களுடைய சிம்முக்கு ரீலோட் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். வட்ஸ்அப்பில் முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.

காசு அநியாயமாகப் போனால்

காட்டைக் கிழித்து எறியாமல் வையுங்கள். பற்றுச்சீட்டு, கோல் எடுத்த திகதி, நேரம், முன் மிச்சம், பின் மிச்சம் ஐந்தும் இருந்தால்தான் வாடிக்கையாளர் சேவையில் கதைக்கமுடியும். பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் காசைத் திருப்பித் தரமாட்டார்கள், காட்டில் நிமிடமாக ஏற்றித் தருவார்கள். அங்கே சரிவராவிட்டால் சி.சி.டி.எஸ். (CCTS) என்ற சுயாதீன அமைப்பு தொலைபேசிச் சேவை முறைப்பாடுகளைக் கட்டணமின்றி எடுக்கும். முதலில் கம்பனியிடம் முறையிட்டிருக்கவேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. போஸ்டரில் சொன்ன நிமிடம் பொய் என்பதே உங்கள் குறை என்றால் அது விளம்பர மோசடி. அதை, பொய் விளம்பரங்களை விசாரிக்கும் அரசாங்க அமைப்பான கொம்பெற்றிஷன் பீரோவுக்கு (Competition Bureau) இணையத்தில் அறிவிக்கலாம், அப்போது போஸ்டரையும் ஒரு படம் எடுத்து இணையுங்கள்.